முன்வரிசையில் ஒரு பலாப்பழம்

ஒரு காட்டில் சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கதையில் அதற்கு அதைவிடப் பெரிய வேலை எதுவும் கிடையாது, தூங்கட்டும்.

அந்தக் காட்டின் தெற்கு ஓரத்தில், எந்தப் பாறையில் நின்றாலும் சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. குட்டிகளுக்கும் குஞ்சுகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று படிக்க இளம் விலங்குகள் அங்கே வந்தன. எப்படிக் கேள்வி கேட்பது, எப்படிக் கரும்பலகையில் எழுதுவது, பதில் சொன்ன குட்டியை எப்படி "மிக நன்று!" என்று பாராட்டுவது, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. நிஜக் குட்டிகள் கிடைக்காத நாளில் பயிற்சி மாணவர்களே குட்டிகளாக உட்கார்ந்துகொள்வார்கள். ஏழு காடு கேட்க ஊளையிடும் ஓநாய் ஒன்று, ஆறாம் வகுப்புக் குட்டியாகக் காலைக் குறுக்கிக்கொண்டு, "டீச்சர், ஒண்ணுக்கு!" என்று விரலைக் காட்டும். இதற்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் மதிப்பெண் போய்விடும்.

அந்தக் கல்லூரியில் கூர்மதி என்ற முள்ளம்பன்றி படித்தாள். கெட்டிக்காரி. வாயும் கொஞ்சம் அதிகம். அநியாயம் என்று பட்டுவிட்டால் முதுகு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து தள்ளி உட்கார வேண்டியதுதான். அவளுக்கு அநியாயம் என்று படாத நாளே கிடையாது என்பதால், வகுப்பில் அவளைச் சுற்றி எப்போதும் நல்ல காற்றோட்டம் இருக்கும்.

ஒருநாள் அவள் பட அட்டைகளைத் தன் முள்ளிலேயே வரிசையாகக் குத்திக்கொண்டு, முதுகைத் திருப்பித் திருப்பிப் பாடம் நடத்தினாள். தோழி பொன்னலகி, மைனா, அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். அவ்வளவுதான். காடே பார்த்தது. பக்கத்துக் காடும் பார்த்தது. 'முள் டீச்சர்' என்று ஒரு பக்கம் தொடங்கினாள் கூர்மதி. அன்றைக்குப் பிடித்தது சனி.

சனி என்று ஊர் சொல்கிறது. அவளுக்கென்னவோ அது அமுதமாகத்தான் இருந்தது. பாடக்குறிப்பு எழுதலாம் என்று கைப்பேசியை எடுப்பாள். பல்லி ஒன்று நடனமாடும். அது முடிந்தால் ஓணான் சமைக்கும். ஓணான் சமையலுக்கு யாரோ தேவாங்கு ஒருத்தர் கீழே தப்பான கருத்து எழுதியிருப்பார். அவருக்குப் பதில் சொல்லாமல் விட முடியுமா? உலகம் என்ன ஆவது? பொழுது சாயும்போது தேவாங்கு தோற்றிருக்கும், பாடக்குறிப்பு வெள்ளையாகவே இருக்கும்.

கற்பித்தல் பயிற்சிக்கு அவளை ஆற்றங்கரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சாக்பீஸ் டப்பாவில் கைப்பேசியைப் படம் பிடிக்கச் சாய்த்து வைத்துவிட்டு, அதைப் பார்த்தே பாடம் நடத்துவாள். குட்டிகளும் பழகிவிட்டன. அவள் ஒரு சொல் தடுமாறினால் போதும், "டீச்சர், மறுபடி முதல்லேர்ந்து போலாமா?" என்று கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு தயாராகிவிடும்.

ஒரே ஒரு குட்டி மட்டும் தயாராகாது. செதிலன் என்ற அழுங்குக் குட்டி, செதில் போர்த்திய எறும்புதின்னி. கைப்பேசி தன் பக்கம் திரும்பியதோ இல்லையோ, தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, உருண்டையாகிவிடுவான். வருகைப் பதிவில் "செதிலன்" என்று கூப்பிட்டால், பக்கத்தில் இருக்கிற சுண்டெலி பொடிசு அந்த உருண்டையைத் தட்டிப் பார்த்து, "உள்ளதான் இருக்கான் டீச்சர்" என்று சொல்லும். அவன் குரல் எப்படி இருக்கும் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது.

பள்ளியில் கூர்மதிக்கு வழிகாட்டி ஆசிரியை ஓர் ஆமை. ஆமை டீச்சருக்கு அவளைப் பற்றி ஏகப்பட்ட குறை.

"கூர்மதி, இன்னொரு தடவை வகுப்புல கைப்பேசியைப் பார்த்தேன், 'ஆசிரியராகத் தகுதியில்லை'ன்னு எழுதி அனுப்பிடுவேன். ஒரு வருஷம் போயிடும், திரும்ப முதல்லேர்ந்து படிக்கணும். புரியுதா?"

"சரிங்க டீச்சர்."

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று சொல்லிவிட்டு ஆமை டீச்சர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஓட்டின் இடுக்கில் நீல வெளிச்சம் மினுக்கியது. உள்ளே யாரோ ஒரு பெண்மணி, இன்று மட்டும் இந்த விலை என்று புடவை விற்றுக்கொண்டிருந்தாள்.

கூர்மதியின் முள் ஒவ்வொன்றாக எழுந்தது. ஒரு வருஷத்தை நினைத்து ஒவ்வொன்றாகப் படுத்தது.

இப்படி இருக்கையில், தூங்குகிற சிங்கத்தின் அலுவலகத்திலிருந்து கல்லூரிக்கு ஓர் உத்தரவு வந்தது. பயிற்சி ஆசிரியர்களிடையே இணைய அடிமைத்தனம் தலைக்கு மேல் போய்விட்டதாம். ஆந்தை ஒருவர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். எப்படி ஆராய்ந்தார்? கேள்விகளை இணையத்தில் அனுப்பி, நீங்கள் இணையத்தில் இருக்கிறீர்களா என்று இணையத்திலேயே கேட்டார். பதில் சொன்ன எல்லோரும் இருந்தார்கள். அதிர்ந்துபோனார்.

கல்லூரி முதல்வர் ஒரு காட்டெருது. நல்லவர், கொம்பு பெரிதே தவிரக் குணம் கெடுதல் இல்லை. கல்லூரிக் குழுவில் தினமும் விடியலில் ரோஜாப் பூவுக்கு மேல் 'இனிய காலை வணக்கம்' அனுப்புவார். அதற்கு யார் பதில் வணக்கம் போடவில்லை என்று மத்தியானத்தில் எண்ணுவார். அவர் குரல்பதிவு ஒன்றைப் போட்டார்.

"அன்பான பயிற்சி மாணவச் செல்வங்களே! வருகிற வெள்ளிக்கிழமை நம் கல்லூரியில் 'இணையத் துறவு நாள்'. அன்று முழுவதும் யாரும் கைப்பேசியைத் தொடக் கூடாது. தொடவில்லை என்பதற்கு ஆதாரமாக, ஒவ்வொரு பாடவேளையும் ஒரு படம் எடுத்து, இடமும் நேரமும் தெரிகிற மாதிரி, இந்தக் குழுவில் உடனுக்குடன் பதிவிட வேண்டும். துறவு உறுதிமொழியை இணைப்பில் சென்று ஏற்று, சான்றிதழை ஸ்டேட்டஸில் வைக்கவும். அன்றுதான் இறுதிச் செய்முறைத் தேர்வும். புறத்தேர்வாளர் நாரை வெளிக்காட்டிலிருந்து வருகிறார். நன்றி, வணக்கம்."

கீழே கைகூப்பும் படங்கள் மழையாகக் கொட்டின. நன்றி சார். சிறப்பு சார். மிகச் சிறப்பு சார்.

கூர்மதி எழுதினாள்: "சார், ஒரு சந்தேகம். கைப்பேசியைத் தொடாமல் படம் எடுத்து அனுப்புவது எப்படி?"

கைகூப்பும் மழை சட்டென்று நின்றது. பிறகு முதல்வர் எழுதினார்: "குழுவில் தேவையற்ற விவாதம் வேண்டாம்." அதற்கும் கைகூப்பும் படங்கள் வந்தன. நன்றி சார்.

"ஏன்டி உனக்கு மட்டும் எல்லாத்துலயும் ஒரு கேள்வி?" என்றாள் பொன்னலகி. "எல்லாரும் கும்புட்டுட்டுப் போறாங்கல்ல, நீயும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயேன்."

"அது எப்படிடி? விரதம் இருக்கோம்னு சொல்லிட்டு, ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் விரதம்தான் இருக்கேன்னு படம் எடுத்து அனுப்பற மாதிரி இல்ல?"

"ஆமா. அதனால என்ன? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"நான் பண்ண மாட்டேன். துறவுன்னா துறவு. வெள்ளிக்கிழமை நான் போனை வளையிலயே வெச்சுட்டு வருவேன். பாரு நீ."

"நீ?" மைனா சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது. "நேத்து ஆத்துல குளிக்கறப்போ தண்ணிக்கு மேல போனைப் புடிச்சுக்கிட்டு ஒத்தக் கையால முதுகு தேச்சவ நீ. உனக்குத் துறவு!"

இந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. முதல்வர் உத்தரவு போட்டால் மீறலாம். ஆமை டீச்சர் மிரட்டினால் பல்லைக் கடிக்கலாம். தோழி சிரித்தால் விட முடியுமா? வெள்ளிக்கிழமை காலையில் கூர்மதி கைப்பேசியை வளைக்குள் வைத்து, வளை வாயில் ஒரு கல்லையும் உருட்டி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பிப் பார்க்காமல் என்றால், அரசமரம் வரை. அரசமரத்தடியில் திரும்பிப் பார்த்தாள். கல் இருந்த இடத்தில்தான் இருந்தது.

வழியெல்லாம் முதுகில் ஏதோ ஒரு முள் அதிர்ந்த மாதிரியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. பள்ளி வாசலில் ஒரு பூவரச இலையைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் தன்பாட்டுக்கு அதை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. இலையைக் கீழே போட்டாள்.

பாடம்: உணவுச் சங்கிலி.

இந்தப் பாடத்தை அந்தப் பள்ளியில் நடத்துவதற்குத் தைரியம் வேண்டும். சங்கிலியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காட்டுப்பூனைக் குட்டியும் சுண்டெலியும் ஒரே பெஞ்ச். தவளைக்குப் பின்னால் சாரைக்குஞ்சு. மணி அடித்ததிலிருந்து அடுத்த மணி அடிக்கும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது பள்ளி விதி. மீறினால் பெற்றோரை அழைத்து வர வேண்டும். பெற்றோர் மிச்சமிருந்தால்.

தேர்வாளர் நாரை இன்னும் பக்கத்து வகுப்பில்தான் இருந்தார். ஆமை டீச்சர் ஓரத்தில் ஓட்டுக்குள் இருந்தார். கூர்மதி சாக்பீஸை எடுத்தாள். வழக்கமாக இந்த நேரத்தில் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து, பார்த்துப் பார்த்து வரைவாள். இன்றைக்குச் சொந்த மூளைதான். 'பூனை' என்று எழுதினாள். கொஞ்சம் தள்ளி 'எலி' என்று எழுதினாள். பூனைதானே எலியைத் துரத்துகிறது? பூனையிலிருந்து எலிக்கு ஓர் அம்பு போட்டாள். நியாயமாகத்தான் பட்டது. 'பாம்பு' என்று எழுதி, அதிலிருந்து 'தவளை'க்கு ஓர் அம்பு. கீழே 'அழுங்கு' என்று எழுதி, அதிலிருந்து 'எறும்பு'க்கு ஓர் அம்பு.

பிறகு, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கணீரென்று சொன்னாள்: "அம்பின் முனை யாரிடம் இருக்கோ, அவர்தான் உண்பவர். எல்லாரும் சொல்லுங்க."

குட்டிகள் சொல்லின. சுண்டெலி பொடிசு மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக எழுந்து நின்றது.

"டீச்சர், அம்பு முனை எங்கிட்ட இருக்கு."

"ஆமா. மிக நன்று!"

"அப்போ... நான் பூனையைத் தின்னலாமா?"

காட்டுப்பூனைக் குட்டி நகர்ந்து பெஞ்சின் நுனிக்குப் போனது. வகுப்பு கொந்தளித்துவிட்டது. "நானு பாம்பைத் தின்னலாமா டீச்சர்?" என்று தவளை குதித்தது. "எங்க அம்மா அப்படிச் சொல்லலையே!" என்று சாரைக்குஞ்சு அழப்போனது. பொடிசு காட்டுப்பூனையின் வாலைச் சும்மா ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. வாழ்நாளில் முதல் தடவை.

கூர்மதி பலகையைப் பார்த்தாள். எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. கை தானாக முதுகுக்குப் போய் முள்ளுக்கிடையில் கைப்பேசியைத் தேடியது. அங்கே வெறும் முள்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மெல்லிசாக, கொஞ்சம் கரகரப்பாக.

"டீச்சர்... அப்போ எறும்பெல்லாம் சேந்து என்னைத் தின்னுருமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உருண்டை அவிழ்ந்திருந்தது. நீள மூக்கும் சின்னக் கண்ணுமாகச் செதிலன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முகம் இருக்கிறது என்பதே பாதிப்பேருக்கு அன்றுதான் தெரியும்.

கூர்மதி சாக்பீஸைக் கீழே வைத்தாள். இந்த நிமிஷத்தைப் படம் பிடித்துப் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்றுதான், வெட்கம்கெட்ட மனசு முதலில் நினைத்தது. கைப்பேசி மட்டும் கையில் இருந்திருந்தால் தூக்கியிருப்பாள். தூக்கியிருந்தால் அவன் சுருண்டிருப்பான். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. அவன் பெஞ்சின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ என்னடா நினைக்கிற?"

செதிலன் யோசித்தான். "நேத்து நான் எறும்பு தின்னேன். எனக்குத்தான் வயிறு ரொம்புச்சு. எறும்புக்கு ரொம்பல."

"ம்."

"வயிறு யாருக்கு ரொம்புதோ அங்கதானே அம்பு போகணும்? அப்போ எங்கிட்டதானே டீச்சர் வரணும்?"

இடித்தது எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. பாராட்டும் திறன் என்று அவள் பயிற்சி எடுத்ததெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆமாடா செதிலா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

குட்டிகள் வாயைப் பிளந்தன. டீச்சர் தப்பு செய்யலாமா? செய்தாலும் சொல்லலாமா? சொன்ன பிறகும் டீச்சராகவே இருக்கலாமா? ஆளுக்கொன்று பேசின. செதிலன் எழுந்து போய், நகத்தால் சுரண்டி, எறும்பிலிருந்து தன்னிடம் ஓர் அம்பை இழுத்துக்கொண்டான். தவளை பெருமூச்சுடன் தன் அம்பைத் திருப்பியது. கூர்மதி பூனைக்கும் எலிக்கும் நடுவில் இருந்த அம்பை அழிக்கப் போனாள்.

"அழிக்காதீங்க டீச்சர்!" பொடிசு கெஞ்சியது. "மணி அடிக்கிற வரைக்கும் இருக்கட்டும் டீச்சர். ப்ளீஸ்."

எந்தப் பாடக்குறிப்பிலும் இதற்குப் பதில் கிடையாது. கூர்மதி அழிக்கவில்லை. பொடிசு அந்த அம்பின் கீழே போய், நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டது.

மணி அடித்தது. குட்டிகள் ஆற்றங்கரைக்குப் பாய்ந்தன. பொடிசும் செதிலனும் மட்டும் பலகையை விட்டு நகரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் முதல்வர் காட்டெருதும் தேர்வாளர் நாரையும் வாசலில் வந்து நின்றார்கள்.

முதல்வர் முகம் வாடியிருந்தது. "என்னம்மா கூர்மதி இப்படிப் பண்ணிட்ட? காலையிலேர்ந்து குழுவுல உன்கிட்டயிருந்து ஒரு படம் இல்லை. ரோஜாவுக்குப் பதில் வணக்கம் இல்லை. கூப்பிட்டா எடுக்கலை. 'கூர்மதி இணையத்தில் மூழ்கிவிட்டார்'னு நானே வருத்தத்தோட போட வேண்டியதாப் போச்சு. எல்லாரும் அழற படம் போட்டிருக்காங்க."

முள் சரசரவென்று நின்றது. "சார்! போனைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? தொடலை. வளையிலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"தொடக் கூடாதுதாம்மா. தொடலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"தொடலைங்கறதுதான் சார் அத்தாட்சி!"

"அதை எப்படிம்மா மேலிடத்துக்கு அனுப்பறது?"

நாரை ஒற்றைக் காலில் நின்றபடி கழுத்தை நீட்டினார். "வழிகாட்டி ஆசிரியை பார்த்திருப்பாரே?"

ஆமை டீச்சர் தலையை வெளியே நீட்டினார். கண் கூசியது. "பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் சார்" என்றார். ஓட்டுக்குள்ளிருந்து, கடைசி மூன்று புடவைதான், சீக்கிரம் சீக்கிரம் என்று ஒரு குரல் வந்தது. தலை சட்டென்று உள்ளே போயிற்று.

"குட்டிகளைக் கேளுங்க சார்" என்றாள் கூர்மதி.

பொடிசு முந்திக்கொண்டது. "சார், எங்க டீச்சர் இன்னைக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தாங்க சார். சூப்பரா இருந்துச்சு!"

நாரை பலகையைப் பார்த்தார். பூனையிலிருந்து எலிக்குப் போன அம்பு பளிச்சென்று இருந்தது. குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்கவே வேண்டாம்.

"சார், அதை விடுங்க, இவனைப் பாருங்க. ஒரு வருஷமா வாயே திறக்காத பையன் இன்னைக்குப் பேசினான். எந்திரிச்சு வந்து அம்பைத் திருத்தினான்."

"அப்படியா? நல்ல விஷயமாச்சே! ஒரு படம் எடுத்துக்கலாம்" என்று நாரை ஆசையாகக் கைப்பேசியைத் தூக்கினார்.

சடக். தலை வயிற்றுக்குள், வால் தலைமேல்.

"இதுவா?"

"இவன்தான் சார்."

"இதுல முகம் எங்க இருக்கு?"

"உள்ளதான் சார் இருக்கான்" என்று பொடிசு தட்டிக் காட்டியது.

கெட்டவர்கள் யாரும் அங்கே இல்லை என்பதுதான் கூர்மதிக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. இருந்திருந்தால் முள்ளுக்காவது வேலை இருந்திருக்கும். முதல்வர் அவள் பக்கத்தில் வந்து, முள் குத்தாத தூரத்தில் நின்று, தழைந்த குரலில் சொன்னார்: "ஒண்ணும் கவலைப்படாத. நடந்ததை இன்னொரு தடவை நடத்திக் காட்டிடு. படம் எடுத்துடலாம். பாஸ் போட்டுடலாம். என்ன சார்?"

நாரை தலையசைத்தார். அவருக்கும் பொழுதோடு கூட்டுக்குத் திரும்ப வேண்டும்.

"குட்டிங்க எல்லாம் ஆத்துக்குப் போயிடுச்சே சார்?"

"குட்டி எதுக்கு? நம்ம பிள்ளைங்க இருக்காங்களே!"

முதல்வர் குழுவில் ஒரு வரி போட்டார். துறவில் இருந்த அத்தனை பயிற்சி மாணவர்களும் அதை உடனே படித்துவிட்டு ஓடி வந்தார்கள். ஓநாய் காட்டுப்பூனைக் குட்டியாக உட்கார்ந்தது. காட்டுப்பன்றி தவளையாயிற்று. பொன்னலகி சுண்டெலி. பழகின வேலை, ஒரு நொடியில் வகுப்பு நிறைந்துவிட்டது.

கூர்மதி தோழியைத் தனியே இழுத்தாள். "இது பொய்டி."

"நடந்ததைத்தானே நடிக்கிறோம்?"

"நடந்தது இது இல்ல. அவன் பேசினான்டி. நான் தப்பாப் போட்டேன், அதனாலதான் பேசினான்."

"சரி, அதைப் போய்ச் சொல்லு. 'தப்பாப் போட்டேன், அதனால பாஸ் போடுங்க'ன்னு." பொன்னலகி ஓநாயைக் காட்டினாள். "அந்தா பாரு அவனை. விரலை வாயில வெச்சாச்சு. ஒரு வருஷம்டி கூர்மதி. திரும்ப முதல்லேர்ந்து. திரும்பவும் ஆறாங்கிளாஸா உக்காந்து 'ஒண்ணுக்கு டீச்சர்'னு கேக்கணும். உனக்குச் சம்மதமா?"

கூர்மதி எத்தனையோ வாதத்தில் ஜெயித்தவள். அந்த ஒரு வருஷத்தை எண்ணிப் பார்த்தாள். முள் படுத்துவிட்டது.

முன்வரிசையில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. செதிலன் இடம். உருண்டையாக உட்கார யாருக்கும் உடம்பு வளையவில்லை. முதல்வரே ஆர்வக்கோளாறில் ஒருதரம் முயன்று பார்த்தார், பெஞ்ச் போயிற்று. நிஜச் செதிலனையே உருட்டிக்கொண்டு வந்து வைக்கலாம் என்றால், அவன் வெளியே வேலி ஓரம் உருண்டு போயிருந்தான். ஓநாய்தான் யோசனை சொன்னது. பள்ளிக்கூடத்துப் பின்புற மரத்தில் ஒரு பலாப்பழம் தொங்கியது. முள்ளும் மேடுமாக, நல்ல உருண்டை. பறித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் வைத்தார்கள். தத்ரூபம்.

பலகையில் அம்பெல்லாம் சரியான பக்கம் திரும்பின. பொடிசின் அம்பை முதல்வரே வாலால் துடைத்தார். இணையத் துறவு நாள் என்பதால் ஒரு கைப்பேசிகூடப் படத்தில் தெரியக் கூடாது. எல்லாக் கைப்பேசியையும் வாங்கி, படம் எடுக்கிற முதல்வருக்குப் பின்னால் குவித்தார்கள்.

"எல்லாரும் கையைத் தூக்குங்க! பூனை, இன்னும் கொஞ்சம் ஆர்வம்! எலி, பல்லைக் காட்டாத, உனக்குப் பல்லே கிடையாது! கூர்மதி, சிரிம்மா, சிரி... அந்தப் பலா கொஞ்சம் சாயுது பாரு... அப்படியே!"

படம் குழுவுக்குப் போயிற்று. இடமும் நேரமும் பளிச்சென்று இருந்தன. அழுத படங்களெல்லாம் கைதட்டும் படங்களாயின. நாரை மதிப்பெண் போட்டு, குறிப்பை வேலிவரை கேட்கப் படித்தார்: 'மாணவர் ஈடுபாடு: மிகச் சிறப்பு. குறிப்பாக முன்வரிசை மாணவர் ஒருவர் இம்மியும் அசையாமல், கவனம் சிதறாமல் பாடம் கேட்டது பாராட்டுக்குரியது.'

சிங்கத்தின் அலுவலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்து வியந்தார்கள். இத்தனை பேர் இருக்கிற வகுப்பில் ஒருவர் கையிலும் கைப்பேசி இல்லையா! சாயங்காலமே, பள்ளி மைதானத்தில் கூட்டம் கூட்டி, இணைய அடிமைத்தன ஒழிப்பில் முதல் பரிசு கூர்மதிக்கு என்று அறிவித்தார்கள். வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தாள்.

புத்தம் புதுக் கைப்பேசி. பின்னால் மூன்று கண்.

கைதட்டல் ஓய்ந்தது. எல்லோரும் பலாப்பழத்தை வெட்டப் போய்விட்டார்கள். புதுக் கைப்பேசியை முள்ளுக்கிடையில் செருகிக்கொண்டு, கூர்மதி மைதானத்தின் ஓரமாக வளைக்குத் திரும்பினாள். பாஸாகிவிட்டாள். இனி யாரும் அவளை ஆறாம் வகுப்பில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். சந்தோஷம் வர வேண்டும். வந்துகொண்டிருக்கிறது போலும், இன்னும் வந்து சேரவில்லை.

வேலியோரம் ஏதோ உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. மெதுவாக அவிழ்ந்தது.

"டீச்சர்."

"என்னடா செதிலா?"

"எனக்குப் பதிலா ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அவரைச் சார் ரொம்ப நல்ல பையன்னு சொன்னாரே..."

"ம்."

"திங்கக்கிழமை நான் வரணுமா, இல்ல அவரே வந்துருவாரா?"

உலகத்துத் தேவாங்குகளையெல்லாம் வாயடைக்க வைத்தவள், இந்தச் சின்ன மூக்குக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"நீதான்டா வரணும். கண்டிப்பா வரணும். நான் போனை வளையிலயே வெச்சுட்டு வர்றேன். சத்தியமா."

செதிலன் அவள் முதுகைச் சுற்றி வந்தான். முள்ளுக்கிடையில் மினுங்கிய மூன்று கண்களையும் பார்த்தான். சுருளலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு கேட்டான்:

"எந்தப் போனை டீச்சர்?"

நீதி: கைப்பேசியைத் துறக்க நினைப்பவரிடம் இரண்டு கைப்பேசிகள் இருக்க வேண்டும்: ஒன்று கீழே வைப்பதற்கு, இன்னொன்று வைத்ததைப் படம் எடுத்து அனுப்புவதற்கு.